கடவுளை நம்பாதவர் குமாரசாமியைப் படிக்கலாமா?

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு தொழிலாளி லேத்து முன் நிற்கிறார். ஒரே மாதிரியான பாகத்தை நாள் முழுவதும் கடைகிறார். அளவு பிசகுவதில்லை. கூலியும் வருகிறது. ஆனால் அந்த வேலையில் அவருடைய கைக்கு இருக்கும் இடம் அறிவுக்கு உண்டா?

இத்தகைய கேள்வியை வாழ்நாளெல்லாம் கேட்டவர் ஒரு தமிழர். அவர்தான் ஆனந்த குமாரசாமி.

கல்லைப் படித்த அறிஞர்

1877-ல் கொழும்பில் பிறந்தார். தந்தை சர் முத்து குமாரசாமி. தாயார் ஆங்கில மாது. வளர்ந்தது இங்கிலாந்தில். படித்தது மண்ணையும் கல்லையும் ஆராயும் விஞ்ஞானம்! 1903 முதல் 1906 வரை இலங்கையில் கனிமங்களை அளவிடும் துறைக்குத் தலைவராக இருந்தார்.

கல் தேடி ஊர் ஊராகச் சென்றவர், நலிந்துவரும் கைத்தொழில்களைக் கண்டார். மனம் மாறியது. 1908-ல் சிங்களக் கலை பற்றிப் பெரிய நூல் வெளியிட்டார். 1917 முதல் அமெரிக்காவில் பாஸ்டன் பொருட்காட்சிச் சாலையில் பணி செய்தார். 1947-ல் காலமானார்.

பழைய சமயங்கள் எல்லாவற்றின் அடியிலும் ஒரே மெய்யறிவு இருக்கிறது. இந்தக் காலம் அதை இழந்துவிட்டது. இதுதான் பாரம்பரியத் தத்துவம். பிரான்சு நாட்டு ரெனே கெனோனும் இதையே சொன்னார்.

எங்கே தொடங்குவது?

கடவுள் நம்பிக்கை இல்லாதவர் கெனோனிடம் தொடங்கினால் சலிப்புத் தட்டும். அவர் தீர்ப்புச் சொல்வதுபோல் எழுதுவார். குமாரசாமியோ கண்ணால் காணும் பொருளைக் காட்டிப் பேசுவார்.

முதலில் 1918-ல் வந்த 'சிவ நடனம்' நூலில் அதே பெயருள்ள கட்டுரையைப் படிக்கலாம். உடுக்கை படைப்பு, தீ அழிவு, தூக்கிய திருவடி அருள். ஒரு சிலை எப்படி ஒரு தத்துவத்தைச் சொல்கிறது என்பதை அறிய, பக்தி கட்டாயமில்லை.

படித்தபின் எழும்பூர் அருங்காட்சியகம் செல்லலாம். அங்கே திருவாலங்காட்டு நடராசர் இருக்கிறார். அம்பத்தூர் வழியாக அரக்கோணம் செல்லும் ரயில் பாதையில் உள்ள ஊர்தான் திருவாலங்காடு!

அடுத்து, 1943-ல் வந்த கலைக் கட்டுரைகள். ஒவ்வொரு தொழிலாளியும் கலைஞனாக இருக்க வேண்டும் என்பது அவற்றின் சாரம்.

எதை ஏற்பது? எதை மறுப்பது?

எழுத்தறிவு மட்டுமே கல்வி ஆகாது என்றார் குமாரசாமி. காதால் கேட்டே ஞானம் பெற்ற பாட்டிமாரை அறிந்தவர்கள் இதை ஒப்புக்கொள்வார்கள். ஆனால் எழுத்தை மறுக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அது முழு உண்மை ஆகாது.

சாதிவழித் தொழிலையும் அவர் ஆதரித்தார். இங்கேதான் விழிப்பு வேண்டும். 1953-ல் ராஜாஜி ஆட்சியில், கிராமப் பிள்ளைகள் பள்ளி நேரம் போக மீதி நேரத்தில் பெற்றோர் தொழிலைக் கற்கும் திட்டம் வந்தது. 'குலக்கல்வி' என்று எதிர்ப்பு மூண்டது. 1954-ல் காமராஜர் ஆட்சியில் அது கைவிடப்பட்டது. அப்பன் தொழிலே மகனுக்கு என்றால், லேத்துத் தொழிலாளியின் மகள் டாக்டர் ஆவது எப்படி?

வேலையில் அறிவும் அழகும் வேண்டும் என்ற கேள்வியை எடுத்துக்கொள்ளலாம். பிறப்பால் வேலை என்ற விடையைத் தள்ளிவிடலாம்.

அவர் எழுதியது ஆங்கிலத்தில். வீட்டில் கல்லூரிப் பிள்ளை இருந்தால், வாரம் ஒரு கட்டுரையைத் தமிழில் எடுத்துச் சொல்லலாம். பெரியவர்கள் கேட்டு, எதிர்க் கேள்வியும் போடலாம்.