12 யூரோ கட்ட முடியாம கேட் வாசல்ல நின்ன ராத்திரி: மோட்டார்ஹோம் பயணத்துக்கு ஒரு பணக் கணக்கு



நம்ம சேனலை ரெகுலரா பார்க்கிற வில்லியனூர் தம்பி ஒருத்தர். சேதராப்பட்டுல ஒரு கம்பெனியில வேலை. சித்தப்பா குடும்பம் பாரிஸ் பக்கத்துல செட்டில் ஆனவங்க. புதுச்சேரிக்காரங்களுக்கு இது புதுசா என்ன? நாலு தெரு தள்ளினா ஒரு சொல்தா குடும்பம் இருக்கிற ஊராச்சே நம்ம ஊரு.

தம்பியோட அம்மா சின்ன வயசுல இருந்தே வில்லியனூர் லூர்து மாதா கோயிலுக்குப் போறவங்க. அவங்களை ஒரே ஒரு தடவை பிரான்ஸ்ல இருக்கிற லூர்து நகரத்துக்குக் கூட்டிட்டுப் போகணும்னு தம்பிக்கு ஆசை. மூணு வருஷம் ஆர்.டி. போட்டுச் சேர்த்தார். பாரிஸ்ல இருந்து லூர்து சுமார் 850 கிலோமீட்டர். ஹோட்டல் வாடகையை மிச்சம் பண்ணலாம், அம்மாவுக்கு வண்டியிலேயே ரசம் சோறு ஆக்கிக்கலாம்னு ஒரு மோட்டார்ஹோம் வாடகைக்கு எடுத்தார். படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ளேயே இருக்கிற வண்டி.

மூணாவது நாள், அங்க ராத்திரி ஒன்பதரை மணி. இங்க நமக்கு ஒரு மணி. வாட்ஸ்அப்ல மெசேஜ் வருது: "அண்ணா, நைட் நிறுத்துற இடத்துல கேட் திறக்கல. கார்டு டிக்ளைன் ஆகுது. ஆளே இல்ல, மெஷின் மட்டும்தான் இருக்கு."

கட்ட வேண்டிய தொகை எவ்வளவு தெரியுமா? வெறும் 12 யூரோ!

பணம் இருந்தும் கார்டு ஏன் ஓடல?

தம்பியோட கிரெடிட் கார்டு லிமிட் ₹2,50,000. பார்க்க தாராளமாத்தான் இருக்கு. ஆனா வண்டி எடுக்கும்போது வாடகை கம்பெனி டெபாசிட்டுக்காக 2,000 யூரோவை அதே கார்டுல பிளாக் பண்ணிட்டாங்க. கணக்கு சுலபமா இருக்க, இந்தக் கட்டுரை முழுக்க 1 யூரோ = ₹100-ன்னு வச்சுக்குவோம். அப்போ ₹2,00,000 போச்சு. மளிகை, டோல், சிம் கார்டுன்னு ₹37,000 செலவு. அன்னிக்கு சாயந்திரம் ஆள் இல்லாத பெட்ரோல் பங்க்ல 60 யூரோவுக்குத்தான் டீசல் போட்டார். ஆனா அந்த மாதிரி மெஷின் முதல்ல ஒரு பெரிய தொகையைப் பிடிச்சு வச்சுட்டு, அப்புறம்தான் நிஜமான பில்லை எடுக்கும். அப்படிப் பிடிச்சது 125 யூரோ, அதாவது ₹12,500.

கூட்டிப் பாருங்க: ₹2,49,500. மிச்சம் ₹500. ராத்திரி வாடகை ₹1,200. கேட் எப்படித் திறக்கும்?

பிளாக் ஆன பணம் செலவான பணம் இல்லதான், திரும்ப வந்துடும். ஆனா வர சில நாள் ஆகும். அதுவரைக்கும் உங்க லிமிட் சுருங்கித்தான் இருக்கும். இந்த ஒரு விஷயம் புரிஞ்சிட்டா பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

ராத்திரி நிறுத்த மூணு வழி

முதல் வழி, பிரான்ஸ்ல "ஏர்"னு சொல்லுவாங்க. நம்ம பாகூர் வயல்ல ஓட்டுற ஏர் இல்லீங்க! மோட்டார்ஹோம்களுக்குன்னே ஒதுக்கின நிறுத்துமிடம். பல இடத்துல ஊராட்சியே நடத்தும். சிலது இலவசம், காசு வாங்குற இடத்துல பெரும்பாலும் 8-லிருந்து 15 யூரோ. தண்ணி பிடிக்க, கரண்ட் எடுக்கத் தனிக் காசு கேட்கலாம். "கேம்பிங்-கார் பார்க்" மாதிரி நெட்வொர்க்குகளும் உண்டு. அவங்களோட அட்டையை ஒரு தடவை வாங்கி, அதுல பணம் ஏத்தி வச்சுக்கிட்டா கேட்ல அந்த அட்டையைக் காட்டினா போதும்.

ரெண்டாவது, கேம்பிங் மைதானம். குளியலறை, துணி துவைக்கிற மெஷின், கரண்ட் எல்லாம் இருக்கும். வாடகை 20-லிருந்து 40 யூரோ வரைக்கும் போகும், கோடை சீசன்ல அதுக்கும் மேல. அதோட தலைக்கு இவ்வளவுன்னு சுற்றுலா வரி சேரும். புக் பண்ணும்போது காட்டுற விலையில அந்த வரி இருக்கான்னு பாருங்க.

மூணாவது, விவசாயிங்க வீட்டு வளாகம். "ஃபிரான்ஸ் பேஷன்"னு ஒரு திட்டம். ஆண்டுச் சந்தா கட்டினா, திராட்சைத் தோட்டம், பால் பண்ணை வச்சிருக்கிறவங்க இடத்துல ஒரு ராத்திரி இலவசமா நிறுத்தலாம். எதையும் வாங்கியே ஆகணும்னு கட்டாயம் இல்ல. ஆனா ஒரு பாட்டில் தேனோ, கொஞ்சம் சீஸோ வாங்கிட்டு வர்றதுதான் நமக்கும் மரியாதை. கழிவறை வண்டிக்குள்ளேயே இருக்கணும், அது முக்கியம்.

"ரோட்டோரமா சும்மா நிறுத்திக்கலாமே ப்ரோ?"ன்னு கேட்பீங்க. கார் நிறுத்த அனுமதி இருக்கிற இடத்துல, தடை போர்டு இல்லைன்னா நிறுத்தலாம். ஆனா வெளிய நாற்காலி போட்டு, கூரைத் துணியை விரிச்சீங்கன்னா அது பார்க்கிங் இல்ல, கேம்பிங். கடற்கரை ஊர்கள்ல ராத்திரி தடை போர்டு சகஜம். அபராதம் கட்டினா அந்த ஒரு ராத்திரியில மிச்சம் பிடிச்ச மொத்தமும் போயிடும்.

பத்து ராத்திரிக்கு எவ்வளவு?

* ஏர், 6 ராத்திரி × 12 யூரோ = 72 யூரோ
* கேம்பிங், 2 ராத்திரி × 35 யூரோ = 70 யூரோ
* பண்ணை, 2 ராத்திரி, வாங்குற பொருளுக்கு 15 யூரோ வீதம் = 30 யூரோ

மொத்தம் 172 யூரோ, அதாவது ₹17,200. பத்து ராத்திரியும் கேம்பிங்லயே தங்கினா 350 யூரோ, ₹35,000. கலந்து போட்டதால மட்டும் ₹17,800 மிச்சம்.

இதுவரைக்கும் எல்லாரும் கணக்குப் போடுவாங்க. இதுக்கு அடுத்த கணக்கைத்தான் நிறைய பேர் போடுறதில்ல.

வண்டி வாடகை 1,300, ராத்திரிகளுக்கு 172, டீசல் 250, டோல் 100, சாப்பாடு 400 யூரோன்னு வச்சா மொத்தம் 2,222 யூரோ. அதாவது ₹2,22,200. பல கிரெடிட் கார்டுகள்ல ஃபாரெக்ஸ் மார்க்-அப் 3.5%. அது மேல 18% ஜிஎஸ்டி. ரெண்டும் சேர்ந்து 4.13%. அப்படின்னா ₹9,177!

பத்து ராத்திரி வாடகையில பாதிக்கு மேல, நீங்க எந்தக் கார்டைத் தேய்ச்சீங்கங்கிறதுக்காக மட்டுமே போகுது. அஞ்சு யூரோ கம்மியா இருக்குன்னு இருட்டுல இருபது கிலோமீட்டர் சுத்தி இடம் தேடுறோம். ஆனா கார்டை மாத்தணும்னு யோசிக்கிறதில்ல.

எந்தக் கார்டு எதுக்கு?

டெபாசிட்டுக்கு ஒரு கிரெடிட் கார்டு. பல வாடகை கம்பெனிகள் வண்டி ஓட்டுறவர் பேர்லயே கிரெடிட் கார்டு கேட்பாங்க. அந்தக் கார்டை டெபாசிட்டுக்கு மட்டும் கொடுத்துட்டுப் பைக்குள்ள வச்சிடுங்க. வேற எதுக்கும் எடுக்காதீங்க.

தினசரிச் செலவுக்கு மார்க்-அப் இல்லாத கார்டு. டெபிட்லயும் கிரெடிட்லயும் அப்படிப்பட்ட கார்டுகள் இப்போ கிடைக்குது. ஆண்டுக் கட்டணம் எவ்வளவுன்னு பார்த்துட்டு வாங்குங்க. டீசல், மளிகை, ராத்திரி வாடகை எல்லாம் இதுல.

அவசரத்துக்கு யூரோ ஏத்தின ஃபாரெக்ஸ் கார்டு. ஒரு 250 யூரோ போதும். இது ப்ரீபெய்டு கார்டுங்கிறதால டெபாசிட்டுக்கு ஏத்துக்க மாட்டாங்க, சில மெஷின்லயும் ஓடாது. அதனால இதை மட்டும் நம்பிப் போகாதீங்க.

டிசிஎஸ் பத்தி பயம் வேண்டாம். ஃபாரெக்ஸ் கார்டுல ஏத்துற பணம் எல்ஆர்எஸ் கணக்குல வரும். ஆனா 2025 ஏப்ரல் 1-லிருந்து, ஒரு நிதியாண்டுல ₹10 லட்சம் தாண்டினாத்தான் டிசிஎஸ். டூர் பேக்கேஜா ஏஜென்ட்கிட்ட வாங்கினா மட்டும் முதல் ரூபாயிலிருந்தே பிடிப்பாங்க. அதையும் வருமான வரிக் கணக்கு தாக்கல் பண்ணும்போது கழிச்சுக்கலாம்.

யுபிஐ? ஈஃபிள் கோபுர டிக்கெட்டுக்கு 2024 பிப்ரவரியிலயே வந்துடுச்சு, சந்தோஷம். ஆனா கிராமத்து ஏர்ல இருக்கிற மெஷின் முன்னாடி போனை நீட்டினா ஒண்ணும் நடக்காது.

மெஷின் முன்னாடி நிக்கும்போது

"ரூபாயில கட்டுறீங்களா, யூரோவில கட்டுறீங்களா?"ன்னு மெஷின் கேட்டா, கண்ணை மூடிட்டு யூரோவை அழுத்துங்க. ரூபாய்னு அழுத்தினா அவங்க வைக்கிறதுதான் ரேட். அதுக்கு மேல சில வங்கிகள் தனிக் கட்டணமும் போடும்.

கிரெடிட் கார்டை வச்சு ஏடிஎம்ல பணம் எடுக்காதீங்க. எடுத்த நாள்ல இருந்தே வட்டி ஓட ஆரம்பிச்சிடும்.

கையில 1 யூரோ, 2 யூரோ நாணயமா ஒரு இருபது யூரோ வச்சிருங்க. சில தண்ணிக் குழாய் நாணயத்துக்குத்தான் திறக்கும், நோட்டை வாங்காது.

கிளம்புறதுக்கு ஒரு வாரம் முன்னாடி

1. வங்கி ஆப்ல எல்லாக் கார்டுக்கும் வெளிநாட்டுப் பயன்பாட்டை ஆன் பண்ணுங்க. 2020-ல வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, புதுக் கார்டு உள்நாட்டுக்கு மட்டும்தான் திறந்து வரும்.
2. பின் நம்பர் மனப்பாடமா தெரியணும். ஆளில்லாத மெஷின்ல கையெழுத்துக்கு வழியே இல்ல.
3. ஓடிபி வர்றதுக்கு உங்க இந்திய சிம் ரோமிங்ல உயிரோட இருக்கணும்.
4. டெபாசிட் எவ்வளவுன்னு வாடகை கம்பெனிகிட்ட எழுத்துல வாங்கிட்டு, அதை உங்க லிமிட்ல கழிச்சுப் பாருங்க.
5. முதல் ராத்திரியை மட்டுமாவது முன்கூட்டியே புக் பண்ணிடுங்க. பயண அசதியில எடுக்கிற பண முடிவு பெரும்பாலும் தப்பாத்தான் போகும்.

சரி, அன்னிக்கு ராத்திரி தம்பிக்கு என்ன ஆச்சு? சித்தப்பா கொடுத்த யூரோ நோட்டு அம்மா சுருக்குப் பையில இருந்துச்சு. மெஷின் நோட்டு வாங்கல. பின்னாடி வந்த வண்டியில இருந்து ஒரு வயசான தம்பதி இறங்கினாங்க. விஷயத்தைக் கேட்டுட்டு அவங்க கார்டைத் தட்டினாங்க, கேட் திறந்துச்சு. 12 யூரோவை நோட்டாவும் சில்லறையாவும் எண்ணிக் கொடுத்தப்போ, அம்மா கூடவே ஒரு டப்பா முறுக்கையும் நீட்டிட்டாங்களாம்.

ரெண்டு நாள் கழிச்சு லூர்துல அம்மா மெழுகுவத்தி ஏத்துற போட்டோ வந்துச்சு. கீழ தம்பி ஒரு வரி போட்டிருந்தார்: "அண்ணா, ஊருக்கு வந்ததும் முதல் வேலை, ரெண்டாவது கார்டு."

நீங்க கிளம்புறதுக்கு முன்னாடியே அந்த வேலையை முடிச்சிடுங்க.