கடல் நிறம் மாறினால்

ஜப்பான் தேசத்தின் பெரிய தீவுகளுக்கு நடுவே செட்டோ என்றொரு சிறு கடல் இருக்கிறது. 1972-ம் வருஷத்துக் கோடையில் அங்கே மிதவைக் கூண்டுகளில் வளர்ந்த ஹமாச்சி மீன்கள் ஏறக்குறைய 1 கோடியே 40 லட்சம் மாண்டுபோயின. நஷ்டம் சுமார் 700 கோடி யென். பல மாதங்கள் தீனியிட்டு வளர்த்த செல்வம் சில தினங்களில் கடலோடு போயிற்று!

இந்த நாசத்தை விளைவித்தது கண்ணுக்குப் புலனாகாத ஒரு நுண்பாசி. சாட்டோனெல்லா என்பது அதன் பெயர். நகரங்களும் ஆலைகளும் கடலில் கொட்டிய கழிவு அதற்கு உரமாயிற்று. அது பெருகும்போது மீனின் செவுள்கள் பழுதுபட்டு, மீன் மூச்சுத் திணறி மடிகிறது. குளிர் காலத்தில் அது விதைபோலக் கடலடிச் சேற்றில் உறங்கும். வெப்பம் வந்ததும் விழித்தெழும்.

இத்தகைய பகைவனை எதிர்க்க மீன் வளர்ப்போர் கற்க வேண்டுவன யாவை? முதலாவது, நீரைப் பார்க்கும் வழக்கம். ஆனால் நிறத்தை மட்டும் நம்பலாகாது. நிறம் மாறிய நீரெல்லாம் நஞ்சுமல்ல. நிறம் தெளிவாய்த் தெரியும்வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடவும் கூடும். ஆகவே நீரை மொண்டு மைக்ராஸ்கோப்பில் வைத்து, இன்ன பாசி, இத்தனை என்று எண்ணிப் பழக வேண்டும்.

இரண்டாவது, தீனியை நிறுத்தும் துணிவு. வளர்த்த கை பட்டினி போடத் தயங்குவது இயற்கையே. எனினும் உண்ட மீனுக்குப் பிராணவாயு அதிகம் தேவை. வயிறு காலியான மீனோ சற்றுத் தாக்குப் பிடிக்கும். வீணாகப் பட்டினி போட்டால் மீன் இளைத்து நஷ்டம் நேரும். எண்ணிப் பார்க்கும் பயிற்சி இதற்காகவே அவசியமாகிறது. மூன்றாவது, கூண்டை ஆழத்தில் இறக்குவது, அல்லது நல்ல நீருக்கு இழுத்துச் செல்வது. கொரியாவில் 1996 முதல் களிமண்ணைத் தூவிப் பாசியை அடியில் படியச் செய்கிறார்கள்.

இவை யாவும் வெள்ளம் வந்தபின் போடும் அணையே. ஜப்பானியர் 1973-ல் சட்டமியற்றிக் கழிவைக் கட்டுப்படுத்தினார்கள். 1976-ல் செட்டோ கடலில் 299 முறை தோன்றிய பாசிப் பெருக்கம், பின்னர் ஏறத்தாழ மூன்றிலொரு பங்காகக் குறைந்தது.

நம் மன்னார் வளைகுடாவிலும் 2019-ல் வேறொரு நுண்ணுயிர் பெருகிக் கடல் பச்சையாகி, மீன்கள் செத்து ஒதுங்கின. மண்டபத்தருகே கூண்டில் மீன் வளர்ப்போர் இருக்கிறார்கள். அவர்கள் கைக்குத் தீனிக் கூடையுடன் ஒரு மைக்ராஸ்கோப்பும் எட்ட வேண்டும் என்பதே நம் விருப்பம்.