முதல் பாகத்தை விழுங்கிய இரண்டாம் பாகம்!

சினிமாவில் இரண்டாம் பாகம் சொதப்பினால், முதல் பாகத்தை மறுபடி போட்டுப் பார்த்து மனசைத் தேற்றிக்கொள்ளலாம். 'ஓவர்வாட்ச்' என்ற வீடியோ கேமின் ரசிகர்களுக்கு அந்த வழியும் அடைபட்டுவிட்டது. 2022 அக்டோபர் 3-ம் தேதி முதல் பாகத்தின் சர்வர்களைத் தயாரிப்பாளர்கள் நிறுத்தினார்கள். மறுநாள் 'ஓவர்வாட்ச் 2' வந்தது. 2016-ல் காசு கொடுத்து வாங்கியவர்களுக்கும் இனி அதுதான்.

புதியது இலவசம். சிக்கலே அங்குதான் ஆரம்பித்தது. முன்பெல்லாம் ஒருமுறை பணம் கட்டினால், பிறகு வருகிற ஹீரோக்கள் எல்லோருக்கும் கிடைத்துவிடுவார்கள். இதிலோ புது ஹீரோ உடனே வேண்டுமா, 'பேட்டில் பாஸ்' என்ற சீசன் அட்டையை வாங்கு என்றார்கள். காசில்லாதவர் முதல் சீசனில் ஆடி ஆடி அந்த பாஸில் 55 படிகள் ஏறித்தான் அவரைத் தொட முடிந்தது. ஆறு பேர் அணி ஐந்தாகச் சுருங்கியது. அணிக்குக் கவசமாக முன்னே நிற்கும் 'டேங்க்' இருவர் ஆடிய இடத்தில் ஒருவர். தோற்றால் மற்ற நால்வரும் யாரைத் திட்டுவார்கள் என்று ஆடியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, பெயருக்குப் பின்னால் '2' எதற்கு? கதைக்காக என்றுதான் 2019 நவம்பரில் அறிவித்தார்கள். நண்பர்களோடு கூட்டு சேர்ந்து ரோபோ படைகளை எதிர்க்கலாம், ஒவ்வொரு ஹீரோவின் திறமையையும் நம் விருப்பப்படி வளர்க்கலாம் என்று ஆசை காட்டினார்கள். அந்த ஹீரோ மிஷன்களை 2023 மே மாதம் கைவிட்டார்கள். ஆகஸ்டில் வந்தவை மூன்றே கதை மிஷன்கள். 15 டாலர் தொகுப்புக்குள். அதே மாதம் கேம்கள் விற்கும் ஸ்டீம் தளத்துக்கு வந்த கையோடு, அங்கே மிக மோசமான விமர்சனம் வாங்கிய கேம் என்ற பெயரும் கிடைத்தது. சீனாவில் இந்த கேமின் சேவை நின்றுபோன கோபமும் அந்த விமர்சனங்களில் கலந்திருந்தது என்பார்கள். துப்பாக்கிச் சண்டை இன்றும் அருமை என்பவர்களும் உண்டு. இருக்கட்டும்.

2024-ல் ஹீரோக்களை எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். முதல் பாகத்தில் இருந்த 'லூட் பாக்ஸ்' என்ற பரிசுப் பெட்டி 2025-ல் திரும்பியது, ஆறு பேர் ஆட்டமும் திரும்பியது. பிடுங்கியதைத் தவணை முறையில் திருப்பிக் கொடுப்பதற்குப் பெயர் அப்டேட்!

என் கவலை இந்த ஒரு கேமோடு நிற்கவில்லை. 1996-ல் வந்த 'குவேக்'கை இன்றும் ஆடலாம், ஏனென்றால் சர்வரை யார் வேண்டுமானாலும் தங்கள் கம்ப்யூட்டரிலேயே நடத்த முடியும். இன்றைய கேம்கள் பலவற்றின் உயிர், விற்றவரின் சர்வரில் இருக்கிறது. அவர் சுவிட்சை அணைத்தால் நம் டிஸ்க் வெறும் தட்டு. 'தி க்ரூ' என்ற கார் பந்தய கேம் 2024-ல் அப்படித்தான் செத்தது. அந்த ஆத்திரத்தில் பிறந்த 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கத்தின் மனுவுக்கு ஐரோப்பாவில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துகள் சேர்ந்தன. டிஜிட்டலாக விற்பது உரிமம் மட்டுமே என்பதை வாங்குபவரிடம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்கிற கலிஃபோர்னியா சட்டம் 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. சொல்லத்தான் வேண்டும், அணைக்கக் கூடாது என்று அதில் இல்லை.

அடுத்த முறை காசு கட்டும் முன் ஒன்றை மட்டும் பாருங்கள்: இணையம் இல்லாமல் இந்த கேம் ஓடுமா? ஓடாது என்றால், நீங்கள் கொடுப்பது வாடகை.