வலிக்காத புண்

காலில் முள் தைத்தால் உடனே காலைத் தூக்கிக்கொள்கிறோம். முள்ளைப் பிடுங்கி எறியும் வரை அடுத்த அடி வைப்பதில்லை. வலி ஒரு தொல்லை என்றே நாம் நினைக்கிறோம். அந்த வலியே இல்லாமற்போனால் என்ன ஆகும்? முள் தைத்தது தெரியாது. தைத்த காலாலேயே நாள் முழுதும் நடப்போம். நீரிழிவு நோயாளர் பலர் காலை இழப்பதற்கு இதுவே தொடக்கம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு முடிவுகள் 2023-இல் வெளிவந்தன. அதன்படி நம் நாட்டில் சுமார் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு உள்ளது. இது பட்டணத்து நோய் மட்டுமன்று. சேலம், நாமக்கல் சமவெளியில் காட்டு வேலைக்கு வெறுங்காலோடு செல்வோர், ஜவ்வரிசி காயும் களத்தில் சுடுதரையில் நடப்போர், தறிக்குழியில் மிதியை மிதிப்போர், லாரியில் இரவு பகலாகச் செல்லும் ஓட்டுநர்கள் ஆகிய எல்லாருக்கும் காலே மூலதனம். அந்தக் கால் எப்படிக் கெடுகிறது, எப்படிக் காப்பது என்பதைப் பார்ப்போம்.

நரம்பு மரத்துப்போவது ஏன்?

இரத்தத்தில் சர்க்கரை பல ஆண்டுகள் மிகுந்திருந்தால் நரம்புகளும் அவற்றுக்கு உணவூட்டும் நுண்ணிய இரத்தக் குழாய்களும் பழுதடைகின்றன. உடலின் மிக நீண்ட நரம்புகளே முதலில் பாதிக்கப்படுகின்றன. அவை முடியும் இடம் கால்விரல்கள். எனவே மதமதப்பும் எரிச்சலும் அங்கேதான் தொடங்குகின்றன. நாளடைவில் உணர்வே குன்றிவிடுகிறது. செருப்பு கழன்று விழுந்ததுகூடச் சிலருக்குத் தெரிவதில்லை.

வியர்வைச் சுரப்பிகளை இயக்கும் நரம்புகளும் கெடுவதால் தோல் வறண்டு வெடிக்கிறது. பாதத்தின் சிறு தசைகள் மெலிந்து, விரல்கள் வளைந்துகொள்கின்றன. உடலின் பாரம் பாதம் முழுதும் பரவாமல் ஓரிரு இடங்களில் மட்டும் அழுந்துகிறது. அங்கே தோல் தடித்து ஆணி போலாகிறது. அதன் அடியில் சதை நசுங்கிப் புண் உண்டாகிறது. வெடிப்பு வழியே கிருமி நுழைகிறது. இரத்த ஓட்டமும் குறைந்திருந்தால் புண் ஆறுவதில்லை. நீரிழிவால் கால் அகற்றப்படுவோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 85 பேருக்கு முதலில் இருந்தது ஒரு பாதப் புண்ணே. அந்தப் புண்ணைத் தடுத்தால் பெரும்பாலும் காலையும் காத்துவிடலாம்.

கொல்லிமலையில் பிறந்த மருத்துவர்

இந்த உண்மை முதலில் விளங்கியது வேறொரு நோயின் வழியாக. நாமக்கல் சமவெளிக்கு மேலே நிற்கும் கொல்லிமலையில் 1914-இல் பிறந்தவர் பால் பிராண்ட். அறுவை மருத்துவரான அவர் 1946-இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளரின் விரல்கள் தாமாகவே அழுகி உதிர்கின்றன என்று அந்நாளில் பலரும் எண்ணியிருந்தனர். சதை தானாக அழுகவில்லை, வலி தெரியாததால் நோயாளர் தம்மையறியாமல் கை கால்களைக் காயப்படுத்திக்கொள்கிறார்கள் என்பதைப் பிராண்ட் கண்டறிந்தார். புண்ணின் மேல் மீண்டும் மீண்டும் மிதித்து நடப்பதே அது ஆறாததற்குக் காரணம்.

மெத்தென்ற ரப்பரில் செய்த எம்.சி.ஆர். செருப்புகள் தொழுநோயாளருக்குப் பயன்பட்டது இந்த அறிவினால்தான். 1966-இல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குச் சென்ற பிராண்ட், நீரிழிவு நோயாளரின் உணர்வற்ற பாதத்துக்கும் இதே முறைகள் பொருந்தும் என்று காட்டினார். உணர்வற்ற பாதத்தில் வரும் புண்ணுக்கு மருந்து மட்டும் போதாது. அதன்மேல் விழும் பாரத்தையும் நீக்க வேண்டும். இன்றும் மருத்துவர்கள் மாவுக்கட்டு போட்டும் தனிக் காலணி கொடுத்தும் இதையே செய்கிறார்கள்.

கண்ணே காவல்

இழந்த உணர்வு பெரும்பாலும் திரும்புவதில்லை. எனவே வலி செய்த வேலையைக் கண் செய்ய வேண்டும்.

நாள்தோறும் இரவில் இரு பாதங்களையும் விளக்கொளியில் பாருங்கள். அடிப்பாதத்தைக் கண்ணாடியில் பார்க்கலாம். அல்லது வீட்டாரைப் பார்க்கச் சொல்லலாம். கழுவியபின் விரலிடுக்குகளை ஈரமின்றித் துடையுங்கள். குதிகாலில் எண்ணெய் தடவலாம். விரலிடுக்கில் தடவ வேண்டாம். நகத்தை நேராக வெட்டுங்கள். செருப்பை உதறிப் பார்த்த பின்பே அணியுங்கள். குதிகாலைப் பிடிக்கும் வார் வைத்ததாக அது இருக்கட்டும்.

பிளேடால் ஆணியைச் செதுக்குவதும், வெந்நீரில் காலை ஊறவைப்பதும், பச்சிலை வைத்துக் கட்டிப் பல நாள் காத்திருப்பதும் ஆபத்து. பீடி, சிகரெட் இரத்தக் குழாயைச் சுருக்கும். எடப்பாடியிலிருந்து பழனிக்குக் காவடியுடன் நடப்போரில் நீரிழிவு உள்ளவர்கள் முன்னதாகப் பாதத்தைச் சோதித்துக்கொண்டு, தக்க காலணியோடு நடப்பது நலம். கால் மரத்தவர்கள் தீமிதியைத் தவிர்க்கவே வேண்டும்.

ஆண்டுக்கு ஒருமுறையேனும் மருத்துவரிடம் பாதத்தைக் காட்டுங்கள். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையைப் பாதத்தில் தொட்டு, கண்ணை மூடிய நிலையில் தெரிகிறதா என்று கேட்பார். சில நிமிடச் சோதனைதான். சிவப்பு, வீக்கம், சூடு, சீழ், கருமை ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் அன்றே செல்லுங்கள். வலிக்கவில்லையே என்று தள்ளிப்போட வேண்டாம்.

இவை அனைத்துக்கும் அடிப்படை சர்க்கரைக் கட்டுப்பாடு. பிரிட்டனில் 1977-இல் தொடங்கி இருபது ஆண்டுகள் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 1998-இல் வெளியாயிற்று. சர்க்கரையை நன்கு கட்டுப்படுத்தியவர்களிடம் கண், சிறுநீரகம் முதலிய உறுப்புகளின் நுண்குழாய்ச் சிக்கல்கள் கால் பங்கு குறைந்திருந்தன. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டு வந்து தருகிறது. மாத்திரை வீடு தேடி வரலாம். ஆனால் பாதத்தை நாள்தோறும் பார்க்கும் கண் அந்த வீட்டிலேயேதான் இருக்க வேண்டும்.