முன்னவர் பெயர் எழுதிய மைதானம்

2024 செப்டம்பர் 7 அன்று, அமெரிக்காவின் டஸ்கலூசா நகரில் உள்ள அலபாமா பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து மைதானத்துக்கு முன்னாள் பயிற்சியாளர் நிக் சேபன் பெயரைச் சூட்டினார்கள். புதிய பயிற்சியாளர் கேலன் டெபோர் அந்த மைதானத்தில் தன் அணியை இறக்கியது அன்று இரண்டாவது முறைதான். வாசலுக்கு வந்தால் சேபனின் வெண்கலச் சிலை. ஓய்வு பெற்ற பிறகும் அரங்கத்துக்குள்ளேயே சேபனுக்கு ஓர் அலுவலக அறை. அண்டா முதல் கரண்டி வரை மாமியார் பெயர் வெட்டியிருக்கும் வீட்டில் சமைக்க வந்த மருமகளின் நிலைதான் டெபோருக்கு. பந்தியில் காத்திருப்பவர்களும் கொஞ்சநஞ்சமல்ல. அரங்கில் 1,00,077 இருக்கைகள்.

சேபன் 17 ஆண்டுகளில் அலபாமாவுக்கு 6 தேசியப் பட்டங்கள் வாங்கிக் கொடுத்தவர். 2024 ஜனவரி 10 அன்று ஓய்வை அறிவித்தார். இரண்டே நாளில் டெபோர் நியமிக்கப்பட்டார். தெற்கு டகோட்டாவின் மில்பேங்க் என்ற சிற்றூரில் பிறந்தவர் டெபோர். சூ ஃபால்ஸ் என்ற சிறிய பல்கலைக்கழகத்தில் ஐந்து பருவங்களில் 67 வெற்றி, 3 தோல்வி. பிறகு வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இரண்டு பருவங்களில் 25 வெற்றி, 3 தோல்வி. திறமையில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் அலபாமாவோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. தென் மாநிலங்களில் அது சின்னக் குறை அல்ல.

அங்கே கல்லூரிக் கால்பந்தைத் தாங்கிப் பிடிப்பவர்கள் ‘பூஸ்டர்கள்’ என்று சொல்லப்படும் புரவலர்கள். பெரும்பாலும் முன்னாள் மாணவர்கள். வங்கி, கட்டுமானம், எண்ணெய் என்று தொழில் செய்து சம்பாதித்தவர்கள். அலபாமாவில் நல்ல இருக்கைக்கான சீசன் டிக்கெட் வாங்கும் உரிமைக்கே முதலில் நன்கொடை செலுத்த வேண்டும். பெருந்தொகை தருபவர்களின் கை இன்னும் நீளம். சேபன் குடியிருந்த வீட்டையே 2013-இல் அவர்களது அறக்கட்டளை 31 லட்சம் டாலருக்கு வாங்கி, அவரை அதிலேயே இருக்க வைத்தது. பயிற்சியாளருக்குச் சம்பளச் சீட்டு தருவது பல்கலைக்கழகம்தான். ஆனால் அவர் இருப்பதா போவதா என்ற பேச்சு தொடங்குவது இவர்களின் சாப்பாட்டு மேசையில்.

போகச் சொல்லும் விலையும் இவர்களுக்குப் பெரிதில்லை. 2023 நவம்பரில் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் தன் பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷரை நீக்கியபோது ஒப்பந்தப்படி அவருக்குத் தர வேண்டியிருந்தது சுமார் 7 கோடியே 60 லட்சம் டாலர். அலபாமாவின் பரம எதிரியான ஆபர்ன், 2020 டிசம்பரில் 2 கோடியே 10 லட்சத்துக்கும் மேல் கொடுப்பதாக ஒப்புக்கொண்டு ஒருவரை அனுப்பியது. அந்த இடத்துக்கு ஐடஹோ மாநிலத்திலிருந்து வந்த பிரையன் ஹார்சினை இரண்டு ஆண்டுகூட முடியாமல் வழியனுப்பியது. ஒரு பொதுப் பல்கலைக்கழகத்தின் பெயரால், வேலை செய்யாமல் இருப்பதற்கு இவ்வளவு பணம் கைமாறுவதை என்னால் எந்தக் கணக்கிலும் ஏற்க முடியவில்லை.

டெபோரைப் பற்றி எழுதும்போது பில் கரி நினைவுக்கு வராமல் போகாது. அலபாமாவுக்கு 6 பட்டங்கள் தந்த பேர் பிரையன்ட் 1982-இல் ஓய்வு பெற்றார். அடுத்த மாதமே மாரடைப்பில் இறந்தும் போனார். பின்னால் வந்த ரே பெர்கின்ஸ், பிரையன்ட்டிடமே ஆடியவர். பிரையன்ட் நின்று பயிற்சியைக் கவனித்த கோபுரத்தை அவர் மைதானத்திலிருந்து அகற்றினார். அதைப் பலரும் மன்னிக்கவில்லை. சொந்தப் பிள்ளைக்கே அந்தக் கதி. அடுத்து 1987-இல் வந்த கரியோ, பழைய பகையாளியான ஜார்ஜியா டெக்கில் ஆடி, அங்கேயே பயிற்சியாளராகவும் இருந்தவர். பல்கலைக்கழகத் தலைவர் ஜோயாப் தாமஸ் அவரைக் கொண்டுவந்தபோதே முன்னாள் வீரர்கள் கொதித்தார்கள். 1988-இல் சொந்த ஊரில் மிசிசிப்பி அணியிடம் தோற்றபின், யாரோ அவர் அலுவலக ஜன்னல் வழியே செங்கல்லை வீசினார்கள். அடுத்த ஆண்டு தொடர்ச்சியாக 10 ஆட்டங்களை வென்று, வழக்கமான பருவத்தின் கடைசி ஆட்டத்தில் ஆபர்னிடம் தோற்றார். ஆபர்னிடம் அது மூன்றாவது தோல்வி. அலபாமா ஆடும் லீக்கின் பட்டத்தில் பங்கு கிடைத்த பருவம் அது. அப்படியிருந்தும், கால்பந்தில் பெரிய பெயர் இல்லாத கென்டக்கிக்கு அவரே போய்விட்டார். மூன்று ஆண்டுகளில் 26 வெற்றி, 10 தோல்வி. பத்துக்கு ஏழு ஆட்டங்களை வென்ற மனிதரை நிம்மதியாக வேலை செய்ய விடாத ஊரை, பாசமுள்ள ஊர் என்று புகழ எனக்கு மனம் வரவில்லை.

கரிக்கு இல்லாத ஒரு சிக்கலும் டெபோருக்கு உண்டு. சேபன் தன் அணியைக் கட்டிய காலத்தில் வீரர் கல்லூரி மாறினால் ஓராண்டு வெளியே உட்கார வேண்டும்; சம்பாதிக்கவும் முடியாது. ஆகவே பெரிய பெயரோடு வந்த பையன்கள்கூட இரண்டு ஆண்டு பின்வரிசையில் நின்று, எடை கூட்டி, வேலை கற்று, மூன்றாம் ஆண்டில் ஆடினார்கள். அலபாமாவின் ‘பண்பாடு’ என்று ரசிகர்கள் கொண்டாடுவதில் பாதி அந்தக் கட்டாயப் பொறுமை. 2021 ஜூலை முதல் வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். அதே ஆண்டில் கல்லூரி மாறும் கட்டுப்பாடும் தளர்ந்தது. 2025 ஜூனில் வந்த நீதிமன்றத் தீர்வு, பல்கலைக்கழகமே வீரர்களுக்கு ஆண்டுக்கு 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை பகிர்ந்தளிக்க வழி செய்தது. வீரர்களுக்கு இது நெடுநாள் தாமதமான நியாயம். அதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை. தான் நம்பி வந்த கல்லூரி விளையாட்டு இப்போது இல்லை என்று சேபனே 2024 மார்ச்சில் வாஷிங்டனில் செனட்டர்கள் முன்னிலையில் சொன்னார். அவரது ஓய்வு அறிவிப்பு வந்த சில நாட்களிலேயே கேலப் டவுன்ஸ் போன்ற முதல்தர வீரர்கள் ஒஹையோ ஸ்டேட்டுக்கும் டெக்சஸுக்கும் போய்விட்டார்கள். கருவிகள் போன பிறகு, அதே விளைச்சலைக் கேட்கிறார்கள்.

டெபோரின் முதல் பருவத்திலேயே அந்தச் சிக்கல் தெரிந்தது. 2024 செப்டம்பர் 28 அன்று ஜார்ஜியாவுக்கு எதிராக 28–0 என்று முன்னிலை. பிறகு அது கரைந்து, கடைசி நிமிடங்களில் ஜார்ஜியா 34–33 என்று முந்தியது. அடுத்த பந்திலேயே ஜேலன் மில்ரோ வீசியதை ரயன் வில்லியம்ஸ் எட்டிப் பிடித்து, சுற்றி வளைத்த இருவரிடமிருந்து ஒரு சுழலில் நழுவி எல்லைக்கு ஓடினார். 75 கெஜம். அவருக்கு வயது 17. சேபன் விலகிய அன்றே அலபாமாவுக்குத் தந்த வாக்கை விலக்கிக்கொண்டு, டெபோர் பேசிய பிறகு திரும்பி வந்த பையன் அவர். ஆட்டம் 41–34. ஏழே நாளில் வாண்டர்பில்ட்டிடம் 40–35 என்று தோல்வி. அந்த அணியிடம் அலபாமா தோற்றது 1984-க்குப் பிறகு அதுவே முதல் முறை. வாண்டர்பில்ட்டின் ஊரான நாஷ்வில்லில் ரசிகர்கள் கோல் கம்பத்தைப் பிடுங்கி, தெருத்தெருவாகத் தூக்கிப்போய் கம்பர்லாந்து ஆற்றில் போட்டார்கள்.

பருவம் 9 வெற்றி, 4 தோல்வியில் முடிந்தது. 2007-க்குப் பிறகு அலபாமா பத்து வெற்றியைத் தொடாத முதல் பருவம் என்று எல்லோரும் நினைவுபடுத்தினார்கள். அந்த 2007 யாருடைய பருவம்? சேபனின் முதல் பருவம். 7 வெற்றி, 6 தோல்வி. சொந்த மைதானத்தில் லூசியானா-மன்றோ என்ற சின்ன அணியிடம் 21–14 என்று தோற்றார். அப்போது அவருக்குக் கிடைத்த அவகாசம்தான் 2009-இல் பட்டமாக வந்தது.

2025 ஆகஸ்ட்டில், முந்தைய ஆண்டு இரண்டே ஆட்டங்களை வென்றிருந்த ஃபுளோரிடா ஸ்டேட்டிடம் 31–17 என்று தோற்றதும், டெபோரை நீக்க எவ்வளவு ஆகும் என்ற கணக்கு மறுநாளே வெளிவந்தது. அதன் பிறகு அவர் தொடர்ச்சியாக எட்டு ஆட்டங்களை வென்றார். தேசியப் பட்டத்துக்கான பிளேஆஃபிலும் ஓக்லஹோமாவை அதன் மண்ணிலேயே தோற்கடித்தார். 2026 புத்தாண்டு அன்று அடுத்த சுற்றில், ரோஸ் பவுல் அரங்கில், இந்தியானாவிடம் 38–3 என்று நொறுங்கியதும் பழைய கணக்கைத் தூசி தட்டினார்கள்.

அன்று எதிரணியின் பயிற்சியாளர் கர்ட் சிக்னெட்டி, 2007 முதல் 2010 வரை சேபனிடம் உதவியாளராக இருந்தவர். அவர் போனபோது இந்தியானா 12-இல் 3 மட்டுமே வென்ற, தோல்விக்குப் பேர்போன அணி. பழைய கல்லூரியிலிருந்து தன் வீரர்களைக் கையோடு கூட்டிவந்தார். முதல் பருவத்திலேயே 11 ஆட்டங்களை வென்றார். இன்னாரைப் போல நடந்துகொள் என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. டெபோர் அணியைத் தன் விருப்பப்படி கலைத்துக் கட்ட வேண்டுமென்றால், டஸ்கலூசாவின் புரவலர்கள் இன்னும் இரண்டு பருவங்களாவது அந்தக் கணக்கு நோட்டை மூடி வைக்க வேண்டும்.