கரித்துண்டைப் பிடுங்காதீர்!

பொங்கலுக்கு வெள்ளையடித்த சுவர். மறுவாரம் அதிலே ஒரு மாடு! மாட்டுக்கு ஆறு கால். முதுகிலே காக்கை. பக்கத்திலே மாட்டைவிடப் பெரிய மனிதன். வரைந்தவனுக்கு வயது ஆறு. கையிலே இருப்பது தேய்ப்புப் பெட்டியிலிருந்து எடுத்த கரித்துண்டு.

ஆலையிலிருந்து அப்பா வருகிறார். உடம்பிலே களைப்பு, கண்ணிலே கோபம். "சுவரைப் பாழாக்கி விட்டாயேடா!" என்று காதைத் திருகுகிறார். கரித்துண்டு பறிபோகிறது. பையன் அழுகிறான். அழுகை அரைநாழிகையிலே அடங்கிவிடும். ஆனால் அதற்குப் பிறகு அவன் வரைவதில்லை!

யாரையும் குறை கூறவில்லை, தோழர்களே. நம் காதும் அப்படித்தான் திருகப்பட்டது. நாமும் அப்படித்தான் திருகியிருக்கிறோம்.

ஆஸ்திரிய நாட்டிலே வியன்னா நகரம். ஏறத்தாழ நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர், பிரான்ஸ் சிசெக் என்ற இளைஞர் ஓவியம் பயில அங்கே வந்தார். குடியிருந்தது ஒரு தச்சர் வீட்டிலே. சன்னலுக்கு எதிரே நீண்ட மரவேலி. தெருப் பிள்ளைகள் அதிலே சுண்ணக்கட்டியால் கிறுக்கினார்கள். இடத்துக்காகச் சண்டையும் போட்டார்கள். அவர் காதைத் திருகவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தார். "இது கிறுக்கல் அல்ல, பிள்ளையின் மொழி" என்று கண்டுகொண்டார். 1897இல் சிறுவர்களுக்கென்றே ஓவிய வகுப்பு தொடங்கினார். 'இதைப் பார்த்து அப்படியே எழுது' என்ற கட்டளை அங்கே இல்லை. 1908இல் கிளிம்ட் முதலான பெரிய ஓவியர்கள் வியன்னாவிலே கண்காட்சி நடத்தினார்கள். அங்கே அந்தப் பிள்ளைகளின் படங்களும் இடம் பெற்றன!

அவருக்கும் முன்னால் ஜெர்மனியிலே ஃபிரோபெல் இருந்தார். 1837இல் சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு ஒரு கூடம் அமைத்தார். பந்து, உருளை, கனசதுரம், எட்டாகப் பிரித்து மீண்டும் ஒன்றாக்கும் மரக்கட்டை, இவைதாம் அவருடைய பாடப்புத்தகம். தொட்டுப் பார், அடுக்கிப் பார், கலைத்துப் பார், வேறாகக் கட்டிப் பார் என்றார். பிறகு நடந்தது என்ன தெரியுமா? 1851இல் பிரஷ்ய அரசு அந்தப் பள்ளிகளுக்குத் தடை போட்டது! நாத்திகம் வளர்க்கிறதாம், சமதர்மம் வளர்க்கிறதாம்! மரக்கட்டை அடுக்கும் மழலையைக் கண்டு மன்னராட்சி மருண்டது! மறு ஆண்டே அவர் மறைந்தார். 1860இல்தான் தடை நீங்கியது.

அந்த மரக்கட்டைகளைக் கையிலே வைத்து விளையாடிய அமெரிக்கச் சிறுவன் ஒருவன் பின்னாளிலே உலகம் புகழும் கட்டடக் கலைஞனானான். பிராங்க் லாயிட் ரைட் என்று பெயர். அன்று தொட்ட கட்டைகளின் வடிவம் தன் கையைவிட்டுப் போகவில்லை என்று முதுமையிலும் அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அதெல்லாம் சரி ஐயா, கூலிக்காரன் பிள்ளைக்கு ஓவியம் எதற்கு? கணக்கும் எழுத்தும் வந்தால் போதாதா?" என்று கேட்பார்கள். வெளியார் மட்டுமா கேட்கிறார்கள்? நம்மிலேயே சிலர் கேட்கிறார்கள்!

கட்டடம் எழும் இடத்துக்குப் போய்ப் பாருங்கள். நூறு பேர் செங்கல் சுமக்கிறார்கள். ஒருவர் காகிதத்தை விரித்து வைத்துக்கொண்டு விரல் நீட்டுகிறார். அந்தக் காகிதத்திலே இருப்பது என்ன? கோடு! கோட்டைப் படிக்கத் தெரிந்தவர் கட்டளை இடுகிறார். தெரியாதவர் கட்டளைக்குக் காத்திருக்கிறார். தறியிலே பூவைக் கொண்டுவருவது நம் கை. எந்தப் பூ, எந்த நிறம் என்று முடிவு செய்வது எவருடைய மூளை? கூலியிலே உள்ள வேறுபாடு அந்த இடத்திலேதான் பிறக்கிறது!

"கைவேலையா? குலக்கல்வி மறுபடி வருகிறதா?" என்று சில தோழர்கள் துடிப்பது நமக்குத் தெரியும். துடிக்க வேண்டியதுதான்! 1953இல் வந்த திட்டம், பாதி நாள் பள்ளி, பாதி நாள் அப்பன் தொழில் என்றது. எதிர்ப்புப் புயலிலே 1954இல் அது வீழ்ந்தது. அது பிள்ளையின் பிறப்பைப் பார்த்துக் கருவியைக் கொடுத்தது. நாம் கேட்பது அதற்கு நேர் எதிரானது. எல்லாப் பிள்ளைக்கும் எல்லாக் கருவியும் வேண்டும். வக்கீல் வீட்டுப் பிள்ளையும் களிமண் பிசையட்டும். குயவர் வீட்டுப் பிள்ளையும் வரைபடம் போடட்டும். முன்னது பூட்டு, இது சாவி!

சென்னையிலே 1850ஆம் ஆண்டிலேயே ஹண்டர் என்ற மருத்துவர் கலைப்பள்ளி கண்டார். பெரியவர்களுக்குக் கல்லூரி அன்றே வந்துவிட்டது. பிள்ளைகளின் நிலை என்ன? 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையைப் புரட்டுங்கள். ஓவியம் முதலான கலைகளைக் கற்பிக்கப் பகுதிநேர ஆசிரியர் உண்டு என்கிறது. எந்த வகுப்புக்கு? ஆறு முதல் எட்டு வரை. அதுவும் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால்! ஒன்று முதல் ஐந்து வரை அப்படி ஒரு ஆசிரியரைப் பற்றிய பேச்சே அந்த அட்டவணையில் இல்லை. அறுபது பிள்ளைகள் வரை இரண்டே ஆசிரியர்கள். எழுத்தும் கணக்கும் அவர்களே. ஏடு நிரப்புவதும் அவர்களே. கரித்துண்டைக் கையிலெடுக்கும் வயதிலே ஆசான் இல்லை. கை கூசத் தொடங்கிய பிறகு ஆசான் வருகிறார்!

ஆகவே நாம் கேட்கிறோம். தொடக்கப் பள்ளிக்கும் கலை ஆசிரியர் வேண்டும். பல பள்ளிகளுக்குப் பொதுவாக ஒருவர் என்றாலும் தொடங்கட்டும். வாரத்திலே இரண்டு மணி நேரம், கணக்குப் பாடம் கடன் வாங்காத நேரமாக, ஒதுக்கப்படட்டும். செலவு பெரிதல்ல. களிமண், பழைய செய்தித்தாள், கரி, காவி, புளியங்கொட்டை, நூல், இவை போதும். அச்சிட்ட ஆப்பிளுக்குச் சிவப்புப் பூசுவது ஓவியம் ஆகாது. "குடத்துக்கு வாய் ஏன் குறுகல்? தூக்குச்சட்டிக்கு ஏன் அகலம்? உன் புத்தகப் பைக்கு எத்தனை அறை வேண்டும்? வரைந்து காட்டு, வெட்டிக் காட்டு, ஒட்டிக் காட்டு" என்று கேட்பதுதான் வடிவமைப்புப் பாடம். தவறினால் அடி இல்லை, மறுபடி செய்யலாம்.

அரசு செய்யும் வரை நாம் சும்மா இருப்பதா? நம் படிப்பகங்களிலே ஒரு சுவரைப் பிள்ளைகளுக்கு விட்டுவிடுவோம். தேர்தல் வந்தால் தெருவெல்லாம் எழுத்திலே ஒளியேற்றும் சுவரெழுத்துத் தோழர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். பள்ளியிலே கற்காமல், தெருவிலே தாமே கற்றவர்கள் பலர். ஞாயிறு மாலை ஒரு மணி நேரம் அவர்கள் பிள்ளைகளோடு உட்காரட்டும். மதிப்பெண் வேண்டாம், பரிசு வேண்டாம். படத்தின் கீழே பிள்ளையின் பெயர் இருக்கட்டும், அது போதும்.

இன்று மாலை வீடு திரும்பும்போது சுவரிலே ஆறுகால் மாடு நின்றால், தோழரே, காதைத் தொடாதீர். பக்கத்திலே குந்தி, "இந்த மாட்டுக்கு ஏன் ஆறு கால்?" என்று கேளுங்கள். "ஓடுதப்பா, அதனாலே!" என்று அவன் சொல்லக்கூடும். சுவருக்கு அடுத்த பொங்கலிலே மறுபடி வெள்ளையடிக்கலாம்.