தண்ணீரின் நிறம் பார்த்துக் காலை வை!

தோட்டத்துத் தோழர்களே!

விடுமுறை வந்தால் மஸ்ஜித் இந்தியாவில் துணிக்கடையைச் சுற்றுவதுதான் நம் பிள்ளைகளின் பொழுதுபோக்கு. இந்த முறை, "ஆற்றோரம் காட்டுக்குள்ளே நடக்கலாம், வாங்க" என்று கூப்பிட்டார்கள். சரியென்று நாங்களும் துணைக்குக் கிளம்பினோம். பால் வெட்டியே முதுகு வளைந்த அக்கா ஒருவரும் பேரனோடு வந்தார்.

பேங்க் நெகாரா நிலையத்தில் ரயிலேறி கோலகுபு பாருவில் இறங்கினோம். அங்கிருந்து பிரேசர் மலைச் சாலையில் வேன் பிடித்துச் சிலிங் ஆற்றுக்குப் போனோம். எல்லார் காலிலும் கறுப்பு ரப்பர் சப்பாத்து. "கம்போங் அடிடாஸ்" என்று ஊரே கேலி பேசிய அதே வெட்டுக்காரர் சப்பாத்துதான்! வழுக்காது, தண்ணீர் நிற்காது என்று இன்று மலையேறுகிறவர்களும் அதைத்தான் தேடி வாங்குகிறார்கள்.

பாதை என்று பெயர்தான். விழுந்த மரம், பாசிப் பாறை, காலெல்லாம் அட்டை. அருவியைப் பார்க்க வேண்டுமானால் ஆற்றையே ஐந்தாறு தடவை கடக்க வேண்டும். கெலா மீனுக்கு அது சரணாலயம். தூண்டில் போடக் கூடாது.

மூன்றாவது தடவை கடந்து கரையேறினோம். நல்ல வெயில். அக்கா மட்டும் ஆற்றையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, தண்ணி நெறம் மாறுது. சருகும் குச்சியும் வருது பாரு. புள்ளைங்கள மேல ஏத்து!"

பிள்ளைகள் சிரித்தார்கள். நாங்கள் அதட்டி மேட்டில் ஏற்றினோம். கொஞ்ச நேரத்தில் இரைச்சல் கேட்டது. நாங்கள் மிதித்து வந்த கல்லெல்லாம் செந்நீரில் மறைந்துபோனது. வெள்ளம் வடிய மூன்று மணி நேரம் காத்திருந்தோம். அருவியைப் பார்க்காமலே திரும்பினோம். ஆனால் போன தலை அத்தனையும் வீடு வந்து சேர்ந்தது.

இதைத்தான் மலாய்க்காரர்கள் "கெப்பாலா ஆயர்" என்கிறார்கள். கீழே வெயில் அடிக்கும். மேலே மலையில் கொட்டிய மழை ஒரே மூச்சில் இறங்கிவிடும். 2021 ஆகஸ்டில் கெடா யான் வட்டாரத்தில், ஜெராய் மலையிலிருந்து இறங்கிய வெள்ளம் உயிர்களைக் கொண்டுபோனதை மறக்க முடியுமா?

அக்காவுக்கு எப்படித் தெரிந்தது? கேட்டோம். "எங்க காலத்துல மழைன்னா அன்னைக்குக் கூலி போச்சு, தம்பி. வானத்தையும் ஆத்தையும் பார்க்காம எப்படிப் பொழைக்கிறது?"

உண்மைதானே! பட்டை நனைந்தால் பால் கோட்டை விட்டு வழிந்து வீணாகும். கூலி இழந்து கற்ற பாடம் அன்று பத்து உயிரைக் காத்தது. தோட்டம் துண்டாடப்பட்டு, பிள்ளைகள் அடுக்குமாடி வீட்டுக்குப் போன பிறகு இந்தப் பாடத்தை யார் சொல்லிக் கொடுப்பது?

ஆகவே தோழர்களே, பிள்ளைகள் காட்டுக்குப் போகட்டும், தடுக்காதீர்கள். ஆனால் சொல்லி அனுப்புங்கள்:

பாதை திறந்திருக்கிறதா, அனுமதி வேண்டுமா என்று வன இலாகாவில் முதலில் கேட்கட்டும். காலையிலேயே போகட்டும். எங்கே போகிறார்கள், எப்போது திரும்புவார்கள் என்று வீட்டில் சொல்லட்டும். காட்டுக்குள்ளே கைப்பேசியை நம்ப முடியாது. தண்ணீர் கலங்கினாலோ, சருகு மிதந்து வந்தாலோ, இரைச்சல் கேட்டாலோ பையைப் போட்டுவிட்டு மேட்டில் ஏறட்டும். வெள்ளம் வடியும்வரை எவரும் ஆற்றில் இறங்கக் கூடாது.

இன்று இரவே உங்கள் வீட்டுப் பெரியவரைப் பேரப்பிள்ளையோடு உட்காரவைத்துப் பேசச் சொல்லுங்கள். அருவி நாளைக்கும் இருக்கும். பிள்ளை இருக்க வேண்டாமா?